செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணி

செவ்வாய்க்கிழமை மாலை நாலேகாலுக்குத் தன் கையாலேயே அழித்த ராஜினாமாக் கடிதம், புதன்கிழமை காலை ஒன்பதேகாலுக்குக் கம்ப்யூட்டர் திரையில் அதே இடத்தில், அதே பெயரோடு உட்கார்ந்திருந்ததை எச்சரிக்கையார் பார்த்தார்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். "என் ராஜினாமா" என்றே இருந்தது. அழித்தார். குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். சந்தேகம் தீரட்டும் என்று கம்ப்யூட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டார். வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியிருந்தது.

நாலு தடவை அழித்து அணைத்துப் போட்டார். நாலு தடவையும் அது வந்து உட்கார்ந்தது.

பெற்றவர்கள் அவருக்கு நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். அதை அந்த அலுவலகத்தில் யாரும் பயன்படுத்துவதில்லை. மிக்ஸியோ இஸ்திரிப் பெட்டியோ வாங்கினால் டப்பாவுக்குள் நாலாக மடித்து ஒரு தாள் இருக்குமே, நாம் பிரிக்காமலேயே தூக்கிப் போடுவோமே, அந்தத் தாளைத் தயாரித்துக் கொடுக்கிற அலுவலகம் அது. அதில் 'ஈரக் கையால் தொடாதீர்கள்', 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' போன்ற வரிகளை எழுதுவது இவர் பொறுப்பு. பதினோரு வருடமாக உலகத்தையே எச்சரித்து வந்ததால் எச்சரிக்கை சார் ஆகிவிட்டார்.

பதினோரு வருடமும் தற்காலிக ஊழியர். அங்கே நிரந்தர ஊழியர்களுக்குக் கை வைத்த நாற்காலி, தற்காலிகத்துக்குக் கையில்லாத நாற்காலி. முழங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமலேயே அவருடைய இளமை கழிந்துவிட்டது. நாற்காலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மனைவியின் தம்பி ஃபோன் பண்ணும்போதெல்லாம், "என்ன மாமா, இன்னும் தற்காலிகம்தானா?" என்று கேட்பான். ஒவ்வொரு தடவையும் மனைவி அந்தப் பக்கம் திரும்பி ஏதாவது பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள். வீட்டில் பாதிப் பாத்திரம் அப்படித் தேய்ந்துபோனதுதான்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் பக்கத்து மேஜை ஓவியர் மெதுவாகச் சொன்னார், "இந்த வருஷ நிரந்தரப் பட்டியல்லயும் உங்க பேர் இல்லையாம் சார்." ஓவியர் என்றால், ஈரக் கையை வரைந்து அதன் குறுக்கே சிவப்புக் கோடு போடுபவர். அவர் சொல்வதில் பாதி பொய்யாக இருக்கும். அது எந்தப் பாதி என்று அவருக்கே தெரியாது.

எச்சரிக்கையாருக்கு ரத்தம் தலைக்கேறியது. நாற்பது நிமிடத்தில் ஒரு ராஜினாமாக் கடிதம் அடித்தார். தெரிந்த தொழில் ஒன்றுதானே, கடிதமும் அந்த நடையிலேயே வந்து தொலைத்தது.

'மேலதிகாரியைப் பயன்படுத்தும் முறை. இவர் சூடாவதற்கு ஒரு நிமிடம் போதும். ஆறுவதற்கு அரை நாள் ஆகும். இயங்கும்போது அதிகச் சத்தம் வரும். அது பழுதன்று, வேலை எதுவும் நடக்கவில்லை என்பதற்கான அறிகுறி. கூட்டங்களில் தானாகவே அணைந்துவிடுவார். தட்டி எழுப்ப முயல வேண்டாம். பிறர் செய்த வேலையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பை ஒன்று இவருக்குள் உண்டு. அதைக் காலி செய்யும் வசதி இல்லை. உத்தரவாதம் கிடையாது. இந்தச் சாதனத்தோடு இனியும் காலம் தள்ள இயலாததால் என் வேலையை ராஜினாமா செய்கிறேன். இப்படிக்கு,'

அதற்குக் கீழே பெயர் இல்லை. அச்செடுத்த பிறகு பேனாவால் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார். அச்சு இயந்திரத்துக்குக் காகிதம் தேடிக்கொண்டிருந்தபோது நாலேகாலுக்கு மேனேஜரே நேரில் வந்து தோளில் கை போட்டார்.

"வெள்ளிக்கிழமை உங்க நிரந்தர உத்தரவுல கையெழுத்து போடறேன் எச்சரிக்கை சார். வீட்டுல சொல்லிடுங்க."

அவர் சொன்னார். மனைவி தம்பிக்குச் சொன்னாள். தம்பி மற்ற எல்லோருக்கும் சொன்னான். அப்படியிருக்கையில்தான் அழித்த கடிதம் எழுந்து வந்து உட்கார்ந்திருக்கிறது.

அலுவலகத்தின் கம்ப்யூட்டர்காரர் ஐம்பது வயதுக்காரர். இடி விழுந்தாலும் முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். எச்சரிக்கையார் அவரிடம் ஓடினார்.

"சார், அழிச்ச ஃபைல் திரும்பித் திரும்பி வருது."

"வரணுமே," என்றார் கம்ப்யூட்டர்காரர், சந்தோஷமாக.

"வரணுமா?"

"அதுக்குத்தானே போட்டிருக்கேன். நேத்து நாலு மணிக்கு உங்க மெஷின் எப்படி இருந்துச்சோ, அப்படியே ஒரு படம் பிடிச்சு வெச்சிருக்கேன். இனிமே வைரஸ் வரட்டும், நீங்களே எதையாவது கெடுத்து வைங்க, கவலையே இல்ல. ஒரு தடவை அணைச்சுப் போட்டா மெஷின் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குத் திரும்பிடும்."

"அப்ப நான் இன்னிக்கு எழுதற வேலையெல்லாம்?"

"அதுக்கு ஆன்லைன் பேக்கப். தினம் பதினோரு மணிக்கு மெஷின்ல இருக்கறதெல்லாம் நெட் வழியாப் போய்ப் பத்திரமா உட்கார்ந்துக்கும். மெஷின் பழசை விடாது, பேக்கப் புதுசை விடாது. ரெண்டும் சேர்ந்துட்டா எதுவுமே தொலையாது சார்."

"ஒண்ணைத் தொலைக்கணும்னா?"

கம்ப்யூட்டர்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்ல."

"கேக்கறேன்னு வெச்சுக்கங்க."

"பேக்கப்லேர்ந்து அழிக்க மேனேஜரால மட்டும்தான் முடியும். ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுங்க. ஃபைல் பேர் என்ன, உள்ள என்ன இருக்கு, ஏன் அழிக்கணும். மூணு பிரதி."

எச்சரிக்கையார் சுவரைப் பிடித்துக்கொண்டார். "இதையெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"எல்லார் மேஜையிலயும் ஒரு தாள் வெச்சேனே, படிக்கலையா?"

"அந்தத் தாளெல்லாம் யார் சார் படிக்கிறாங்க?"

"நீங்கதான் எழுதினீங்க. போன மாசம்."

மேஜையில் கோப்பைக்கு அடியில் அந்தத் தாள் இருந்தது. எடுத்துப் பார்த்தார். கடைசி வரி அவருடைய கைவண்ணம்தான்: 'எச்சரிக்கை: படம் பிடிக்கும் நேரத்தில் கணினியில் தேவையற்றவை எதுவும் இல்லாதவாறு பார்த்துக்கொள்ளவும்.' நிமிர்ந்தபோது சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்து நாலு நிமிடம் ஆகியிருந்தது. கடிதம் பேக்கப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நிலைமை இதுதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும், அந்த வாரம் பேக்கப்பில் சேர்ந்த புது ஃபைல்களைப் பட்டியலாக்கி, எது யார் மெஷினிலிருந்து வந்தது என்ற குறிப்போடு ரிசப்ஷன் அக்கா அச்செடுத்து மேனேஜர் மேஜையில் வைப்பார். மேனேஜர் எதையும் காகிதத்தில்தான் படிப்பார். அவர் அறையிலும், பேக்கப் நேராகத் தலைமை அலுவலகத்து டைரக்டருக்குப் போகிற ஒரு கம்ப்யூட்டர் உண்டு. கம்ப்யூட்டர்காரர் காலையில் அதைப் போட்டு வைப்பார், மாலையில் அணைப்பார். நடுவில் அதன் மேல் மேனேஜரின் கண்ணாடிக்கூடு இருக்கும்.

ஆக, உத்தரவில் கையெழுத்துப் போடுகிற அன்று காலையில் மேனேஜர் படிக்கப் போகிற முதல் காகிதம், தான் கூட்டத்தில் தானாகவே அணைந்துவிடுபவர் என்பது.

அழிக்கத்தானே முடியாது, திருத்தலாமே என்று எச்சரிக்கையாருக்குத் தோன்றியது. கடிதத்தைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு, அதே பெயரில் புதிதாக அடித்தார்.

'மேலதிகாரியைப் பயன்படுத்தும் முறை. இவர் நீடித்து உழைப்பவர். குறைந்த சத்தம், நிறைந்த செயல். வருடக்கணக்கில் பயன்படுத்தினாலும் நிறம் மங்காதவர்.'

கம்ப்யூட்டர்காரரைக் கெஞ்சி, மதியமே ஒரு தனி பேக்கப் ஓட்ட வைத்தார்.

"இப்ப பழசு மேல புதுசு உட்கார்ந்துடுச்சில்ல?"

"அப்படியெல்லாம் உட்காராது. பழசு ஒண்ணாம் நம்பர், புதுசு ரெண்டாம் நம்பர். எத்தனை தடவை மாத்தினாலும் அத்தனையும் தனித்தனியா இருக்கும். இதோட விசேஷமே அதான்." கம்ப்யூட்டர்காரர் முகத்தில் பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற பெருமை. "நிறைய தடவை மாறின ஃபைல்னா முக்கியமானதுன்னு அதுவே புரிஞ்சுக்கும். பட்டியல்ல முதல் இடத்துக்கு ஏத்தி, பக்கத்துல ஒரு நட்சத்திரமும் போட்டுடும்."

அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. அணைத்தால்தானே செவ்வாய்க்கிழமை திரும்பும்? அணையாமல் இருக்கும் வரை பாராட்டுக் கடிதம் உள்ளே இருக்கும், நாளைக்குப் பதினோரு மணிக்கு அதுவே போகும். தடித்த எழுத்தில் 'எச்சரிக்கை: அணைக்காதீர்கள்' என்று எழுதித் திரையில் ஒட்டிவிட்டுப் போனார்.

வீட்டில் மனைவி முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். கடிதத்தை மனப்பாடமாகவே சொன்னார். பையைக் காலி செய்யும் வசதி இல்லை என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"ஏங்க, நான் தம்பிகிட்டச் சொல்லிட்டேன். அவன் அவங்க மாமியார் வீட்டுக்கே சொல்லிட்டான்."

"தெரியும்மா."

"இந்தத் தடவையும் இல்லைன்னா என்னால முகத்தைக் காட்ட முடியாதுங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கடுதாசியோட ஏன் மல்லுக்கட்டறீங்க? கடுதாசி இல்லாதப்ப ஒரு புதுப் படம் எடுக்கச் சொல்லுங்களேன்."

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா," என்றார் அவர். அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது பாருங்கள்.

வியாழக்கிழமை காலையில் வந்து பார்த்தால் திரை கறுப்பாக இருந்தது. எச்சரிக்கைத் தாள் அப்படியே ஒட்டியிருந்தது. கூட்டுகிற அம்மாள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்களா அணைச்சீங்க?"

"ஆமா சார், தரை துடைக்க வயர் இடைஞ்சலா இருந்துச்சு. பிடுங்கிட்டேன்."

"பெருசா எழுதி ஒட்டியிருந்தேனே?"

"இந்த ஆஃபீஸ்ல எழுதற எச்சரிக்கைய யார் சார் படிக்கிறாங்க?"

அவர் வயரைச் சொருகினார். கம்ப்யூட்டரைப் போட்டார். செவ்வாய்க்கிழமை நாலு மணி வந்தது, கடிதமும் வந்தது. மறுபடி பாராட்டு அடித்தார். பத்து ஐம்பத்தெட்டுக்கு ஓவியர் டீ போட வெந்நீர்க் கெட்டிலைச் சொருகினார். பட்டென்று ஃப்யூஸ் போய், ஒரு நிமிடத்தில் கரண்ட் வந்தது. அதற்குள் எச்சரிக்கையாரின் மெஷின் அணைந்து, தானாகவே உயிர்பெற்று, பழைய கடிதத்தோடு சரியாகப் பதினோரு மணிக்குப் பேக்கப்புக்குப் போய்விட்டு வந்தது.

அவர் மறுபடி பாராட்டை அடித்து, கம்ப்யூட்டர்காரரிடம் ஓடி, தனி பேக்கப் ஓட்டச் சொன்னார்.

"நீங்க அடிக்கடி கேக்கறீங்களேன்னு உங்க மெஷினுக்கு மட்டும் அரை மணிக்கு ஒரு தடவை தானாப் போற மாதிரி வெச்சுட்டேன் சார். இனிமே என்னைத் தேடி வர வேண்டாம்."

நல்ல மனுஷன் செய்கிற உதவிக்கு ஈடாக எந்த எதிரியாலும் செய்ய முடியாது. ஓவியருக்கு இரண்டாவது டீ தேவைப்பட்டது. பிறகு மூன்றாவது. மதியத்துக்குள் பேக்கப்பில் எட்டு வடிவங்கள் சேர்ந்துவிட்டன. திட்டு, பாராட்டு, திட்டு, பாராட்டு என்று ஒன்று விட்டு ஒன்று.

எல்லாக் கதவும் மூடிய பிறகுதான் ஆண்பிள்ளைக்குப் பெண்டாட்டி சொன்னது ஞாபகத்துக்கு வரும். எச்சரிக்கையார் கம்ப்யூட்டர்காரரைக் கையோடு கூட்டி வந்தார்.

"சார், இந்தச் செவ்வாய்க்கிழமைப் படம் வேண்டாம். புதுசா ஒண்ணு எடுத்துடுங்க. இன்னிக்குத் தேதியில."

"தாராளமா. இது நல்ல யோசனை. யார் சொன்னது?"

"நானே யோசிச்சேன்."

அவர் கண் முன்னாலேயே கடிதத்தை அழித்தார். குப்பைத்தொட்டியைக் காலி செய்தார். திரை கழுவி விட்டதுபோல் இருந்தது. கம்ப்யூட்டர்காரர் அந்தக் கையில்லாத நாற்காலியில் உட்காரவும், மேனேஜர் அறையிலிருந்து மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

மேனேஜர் இரண்டு துணித் துண்டுகளை நீட்டினார். "நாளைக்கு உங்களுக்குக் கை வைச்ச நாற்காலி வருது. நீலமா, பழுப்பா?"

எச்சரிக்கையார் இரண்டையும் தொட்டுப் பார்த்தார். பதினோரு வருடத்தில் அந்த அலுவலகத்தில் அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்ட முதல் கேள்வி அது. 'இந்த நல்ல மனுஷனையா பைக்குள் உறிஞ்சுகிறவர் என்று எழுதினோம்?' என்று மனசு குத்தியது. நீலம் என்றார். மேனேஜர் நீலத்தின் நன்மைகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். இயங்கும்போது அதிகச் சத்தம் வரும் என்று எழுதியது தப்பில்லை என்றும் அப்போது தோன்றியது.

திரும்பி வந்தால் கம்ப்யூட்டர்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுது சார். புதுப் படம் எடுத்தாச்சு."

"கடிதம் எதுவும் உள்ள இல்லையே?"

"படம் எடுக்கறதுக்கு முன்னாடி மெஷினை ஒரு தடவை அணைச்சுப் போடணும். அது விதி. நீங்க எழுதின தாள்லயே இருக்கே."

எச்சரிக்கையார் திரையைப் பார்த்தார். "என் ராஜினாமா" அவரைப் பார்த்தது.

"இன்னொரு விஷயம்," என்றார் கம்ப்யூட்டர்காரர். "ஆஃபீஸ்ல எல்லார் மெஷின்லயும் பாட்டு, விளையாட்டு, குடும்பப் படம்னு ஒரே குப்பை. உங்களுதுதான் சுத்தம். இருக்கறதே ஒரு கடிதம்தான். அதனால உங்க மெஷினையே மாதிரியா வெச்சு, ஆஃபீஸ்ல இருக்கற அத்தனை மெஷினுக்கும் ஏத்திட்டேன். உங்க அரை மணி ஏற்பாடும் சேர்ந்தே போயிடுச்சு."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே ஒவ்வொரு மேஜைக்கும் ஒன்றாகக் கிளம்பியிருந்தது.

முதலில் ஓவியர்தான் பார்த்தார். "சார், யாரோ என் மெஷின்ல என் ராஜினாமாவ எழுதி வெச்சிருக்காங்க."

"அப்படியா?" என்றார் எச்சரிக்கையார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"நல்லாதான் எழுதியிருக்காங்க. நானே எழுதியிருந்தாலும் இவ்வளவு பொருத்தமா வந்திருக்காது."

எதிர் மேஜைக் கணக்காளர் அம்மாள் தன் திரையை எட்டிப் பார்த்தார். "என்னோடதுலயும் இருக்கு. இது எச்சரிக்கை சார் நடை மாதிரி இருக்கே."

"அவரா? அவர் எழுதினா முதல் வரியே ஈரக் கையில இல்ல ஆரம்பிக்கும்," என்றார் ஓவியர். எச்சரிக்கையார் அந்த அவமானத்தை நன்றியோடு ஏற்றுக்கொண்டார்.

பன்னிரண்டு ஊழியர்கள், பன்னிரண்டு மெஷின்கள், பன்னிரண்டு ராஜினாமாக்கள். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. படித்தவர்களுக்குக் கை அரித்தது. ஆளுக்கொரு விதி சேர்த்தார்கள். கணக்காளர் அம்மாள், 'நேற்றுச் சொன்னதை இன்று நினைவூட்டினால் அதிர்வு உண்டாகும்' என்று சேர்த்தார். பிழை திருத்துபவர் ஒரு வல்லெழுத்தைச் சரி செய்துவிட்டு, 'நேராக நிமிர்த்தி வைத்தாலும் தலைமை அலுவலகத்தைப் பார்த்தால் வளைந்துவிடுவார்' என்று எழுதினார். ஓவியர் தூங்குகிற ஒரு மனிதரை வரைந்து, அவரைத் தட்டப் போகிற கையின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டார். சிரித்து முடித்து எல்லோரும் அழித்துவிட்டார்கள். அதற்குள் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கே எச்சரிக்கையார் அலுவலகத்துக்கு வந்தார். பட்டியலை அச்செடுக்கும் முன் ரிசப்ஷன் அக்காவின் காலில் விழுவது என்று முடிவு செய்திருந்தார். அக்கா புதுக் காகிதக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இன்னிக்குப் பட்டியல் அச்செடுக்க வேண்டாமே. ஒரே ஒரு நாள்."

"எட்டு மணிக்கே எடுத்து வெச்சுட்டேன். ஒரு கட்டு காகிதம் காலி. நட்சத்திரம் போட்டிருந்தா அந்த ஃபைலோட எல்லா வடிவத்தையும் எடுக்கணும்ல. இந்த வாரம் எல்லாருக்கும் நட்சத்திரம்."

"மேனேஜர் பார்த்துட்டாரா?"

"கதவைச் சாத்திக்கிட்டாரு. டீ குடுக்கப் போனேன், வேண்டாம்னுட்டாரு. அவர் டீ வேண்டாம்னு சொல்லி நான் பார்த்ததே இல்ல."

பதினொன்றேகாலுக்கு அழைப்பு வந்தது. பன்னிரண்டு பேரும் மேனேஜர் அறையில் சுவரோடு சுவராக நின்றார்கள். மேஜையில் காகிதம் மலைபோல் குவிந்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு நீல உறை. எச்சரிக்கையாருக்கு அந்த உறை என்னவென்று தெரியும். மனைவியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. ஓர் அடி முன்னால் வைத்தார்.

"சார், அந்தக் கடிதம் நான்தான்..."

"இருங்க," என்றார் மேனேஜர். குரல் உடைந்திருந்தது. "முதல்ல நான் பேசிடறேன். பன்னிரண்டு பேர். ஒரே வாரத்துல பன்னிரண்டு பேரும் ராஜினாமா. ஒரு வரி விடாம எல்லாத்தையும் படிச்சேன். கூட்டத்துல தூங்கறேன், உண்மைதான். அடுத்தவங்க வேலைய என் வேலைன்னு சொல்லியிருக்கேன், அதுவும் உண்மை. தலைமை அலுவலகத்தைப் பார்த்தா வளைஞ்சுடறேன்."

"சார், நாங்க அதை..." என்று ஓவியர் ஆரம்பித்தார். கணக்காளர் அம்மாள் அவரை நறுக்கென்று கிள்ளினார்.

"யாரும் போயிடாதீங்க. என்னைத் திருத்திக்கறேன். எல்லாரும் ராஜினாமாவ வாபஸ் வாங்கிக்கங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுதாத ராஜினாமாவை வாபஸ் வாங்குவதில் யாருக்கும் நஷ்டமில்லை. கணக்காளர் அம்மாள் மிகுந்த பெருந்தன்மையோடு, "சரி சார், இந்த ஒரு தடவை," என்றார். மற்றவர்களும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்கள்.

"எச்சரிக்கை சார்," என்றார் மேனேஜர்.

முன்னால் வைத்த அடியை எச்சரிக்கையார் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"மத்தவங்க எல்லாம் திட்டினாங்க, அதோட விட்டுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் திட்டி எழுதிட்டு, மனசு கேக்காம அழிச்சுட்டுப் பாராட்டி எழுதியிருக்கீங்க. அப்புறம் கோபம், மறுபடி பாராட்டு. எட்டு தடவை. ரெண்டு நாளா எனக்காக நீங்க பட்ட பாட்டை மணி, நிமிஷத்தோட இதுல போட்டிருக்கு." காகிதத்தைத் தடவினார். "என் வீட்டுல கூட என்னைப் பத்தி யாரும் இவ்வளவு யோசிச்சதில்ல சார்."

எச்சரிக்கையார் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லத்தான் திறந்தார். மேனேஜர் நீல உறையிலிருந்து உத்தரவை எடுத்து, பேனா மூடியைக் கழற்றி, எல்லோர் முன்னிலையிலும் நீளமாக ஒரு கையெழுத்துப் போட்டார். திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

தேதி போட்டார். கடிகாரத்தைப் பார்த்து, மணி பதினொன்று இருபது என்றும் எழுதினார். உத்தரவை இரண்டு கைகளாலும் நீட்டினார். எச்சரிக்கையார் இரண்டு கைகளாலும் வாங்கினார். பதினோரு வருடப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அழுகை வந்தது. அழுதார். மேனேஜரும் அழுதார். ஓவியர் கைதட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு ஃபோன் பண்ண வேண்டும், தம்பியின் நம்பரை அவளையே போடச் சொல்ல வேண்டும், அவன் 'என்ன மாமா' என்று ஆரம்பிக்கும்போதே ஃபோனைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவர் திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. ரிசப்ஷன் அக்கா கையில் ஒரு துண்டுச் சீட்டோடு நின்றார்.

"என்னக்கா?" என்றார் மேனேஜர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"தலைமை அலுவலகத்துலேர்ந்து ஃபோன் சார், உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து அங்க போன ராஜினாமாவ டைரக்டர் காலையில பத்து மணிக்கே ஏத்துக்கிட்டாராம், அதுக்கப்புறம் நீங்க போட்ட கையெழுத்து எதுவும் செல்லாதாம்."